'லுக்கெட்' என்று திருத்தியது நான்தான்

ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஷி லுக்ட் அட் த ட்ரீ" என்று வாசித்தாள். நான் நிறுத்தினேன்.

"லுக்கெட்னு சொல்லும்மா. கடைசியில இ, டி ரெண்டு எழுத்தும் இருக்குல்ல?"

"டீச்சர், போன்ல லுக்ட்னுதான் சொல்றாங்க."

பாடநூலில் உள்ள க்யூஆர் கோடை அம்மாவின் கைபேசியில் ஸ்கேன் செய்து, முந்தைய நாள் இரவே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். "போன்ல ஆயிரம் சொல்வாங்க. நான் சொல்ற மாதிரி சொல்லு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் 'லுக்கெட்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு, வாசிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டால் அவள் கை உயரவே இல்லை. அதை நான் கவனிப்பதற்கே இரண்டு மாதம் ஆயிற்று.

நான் தமிழ்வழியில் படித்தவள். எனக்கு ஆங்கிலம் கற்பித்தவர்களும் 'லுக்கெட்', 'வாக்கெட்' என்றே கற்பித்தார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்து எல்லாப் பாடங்களோடும் ஆங்கிலத்தையும் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பயிற்சி வகுப்பில் ஒருவர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். இந்தக் கூச்சம் போக வேண்டும் என்றுதான், தினமும் இரவு உணவுக்குப் பின் 20 நிமிடம் இணையவழியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினேன். அந்த மாணவிக்காகத் தொடங்கவில்லை. அதைச் சொல்லிவிடுவது நேர்மை.

முதலில் என் நிலை என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் வரையறையில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் உள்ளன. பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலிஷ்' தளத்தில் பாடங்கள் இந்தப் படிகளின்படியே பிரிக்கப்பட்டுள்ளன. இணையத்தில் நிலையறியும் தேர்வு ஒன்றை எழுதினேன். பி1, அதாவது இடைநிலை என்று வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு இடைநிலை ஆங்கிலம், பொருத்தம்தான் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

இலக்கணப் பயிற்சிகள் எனக்குக் கைவந்தன. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும்; சரியென்றால் பச்சைக் குறி வரும். பத்துக்கு ஒன்பது வாங்கினேன். ஒரு மாதம் அப்படியே பச்சைக் குறிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பேச வாய் திறந்தால் பழைய ஆங்கிலம்தான் வந்தது. விடையைக் கண்டுபிடிப்பது வேறு, வாக்கியத்தை நாமே உருவாக்குவது வேறு. குழந்தைகளுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியே காலத்தை ஓட்டும் எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிறகு முறையை மாற்றினேன். விடைகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, முழு வாக்கியத்தையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கையை எடுப்பேன். மதிப்பெண் உடனே ஐந்து, ஆறு என்று இறங்கியது. அதுதான் என் உண்மையான மதிப்பெண்.

அடுத்து, பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' நிகழ்ச்சி. பெயருக்கேற்ப ஆறு நிமிட உரையாடல், எழுத்து வடிவமும் கிடைக்கும். அதில் ஒரு பத்தியைக் கேட்டுவிட்டு, அதையே நான் வாசித்துக் கைபேசியில் பதிவு செய்தேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மூன்றாவது வாக்கியத்தில் அவர்கள் 'லுக்ட்' என்றார்கள். என் குரல் 'லுக்கெட்' என்றது.

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் குழந்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அன்றிலிருந்து ஒரு வாரம் வேறு எதையும் படிக்கவில்லை. இந்த 'இ-டி' மட்டும்தான். இறந்தகால வினையின் இறுதியில் வரும் இந்த இரண்டு எழுத்துகளுக்கு மூன்று ஒலிகள் உண்டு. எது எங்கே என்று இணையப் பாடங்கள் விளக்கின. ஆனால் எனக்கு அது தெளிவானது நம் தமிழ் வழியாகத்தான். 'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள். 'பாடு' என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றே, டகரம். ஆனால் முன்னது வன்மையாகவும் பின்னது மென்மையாகவும் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் டி, டீ என வெவ்வேறு எழுத்துகள். 'இ-டி' சில சொற்களில் பட்டு டகரமாகவும் சில சொற்களில் பாடு டகரமாகவும் ஒலிக்கும்.

தொண்டையில் கை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்றால் அதிர்வு இல்லை. 'ம்ம்' என்றால் அதிர்கிறது. வினைச்சொல் அதிராத ஒலியில் முடிந்தால் பட்டு டகரம்: லுக், வாக், ஹெல்ப், வாஷ் ஆகியவை லுக்ட், வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட் ஆகும். அதிரும் ஒலியில் முடிந்தால் பாடு டகரம்: ப்ளே, கால், க்ளீன், லிவ் ஆகியவை ப்ளேட், கால்ட், க்ளீன்ட், லிவ்ட் ஆகும். சொல்லே டி, டீ ஒலிகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும் தனி அசையாக 'இட்' சேரும்: வான்ட் 'வான்டிட்' ஆகும், நீட் 'நீடிட்' ஆகும். நான் எல்லாச் சொற்களுக்கும் இந்த மூன்றாவது விதியைப் போட்டு, அதையும் 'எட்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வன்மை, மென்மைச் சிக்கல் இதோடு நிற்பதில்லை. தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் மென்மையாகவே ஒலிக்கும். தம்பி, தங்கம், பந்து எனச் சொல்லிப் பாருங்கள். அதே பழக்கத்தில் ஆங்கிலத்தின் 'சிம்பிள்' என்ற சொல்லைத் தம்பியின் பகரத்தோடு சொல்கிறோம். அது தப்பு என்பதில் வரும் பகரம். 'அங்கிள்' என்பதிலும் தங்கத்தின் ககரம் இல்லை, பக்கத்தின் ககரம். நம் குழந்தைகள் இவற்றை மாற்றிச் சொல்வது கவனக்குறைவால் அல்ல. தாய்மொழியின் ஒலி விதியைச் சரியாகக் கடைப்பிடிப்பதால்தான். சொல்லின் இறுதியில் 'புக்கு', 'கப்பு', 'பஸ்ஸு' என உகரம் சேர்வதும் அப்படியே. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை; குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். இதைத் தமிழ்ப் பாடத்தில் கற்பிக்கும் நாமே ஆங்கிலப் பாடத்தில் குழந்தையைக் கடிந்துகொள்கிறோம்.

உச்சரிப்பைச் சோதிக்கக் கைபேசியின் குரல்வழித் தட்டச்சையும் பயன்படுத்தினேன். பை என்று பொருள்படும் 'பேக்', முதுகு என்று பொருள்படும் 'பேக்', தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. முதலாவதைச் சொன்னால் திரையில் இரண்டாவது வந்து நின்றது. பலமுறை முயன்றேன். கடைசி எழுத்தை அழுத்துவதில் மட்டும் காரியம் இல்லை, முன்னால் உள்ள உயிரொலியையும் கவனிக்க வேண்டும் என்று பிறகுதான் பிடிபட்டது. பையில் அது சற்று நீள்கிறது, முதுகில் சட்டென்று முடிகிறது. ஆனால் இந்தக் கருவியை முழுவதும் நம்பாதீர்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் சூழலை வைத்து அது ஊகித்து எழுதிவிடும். நாம் தவறாகச் சொல்லியிருந்தாலும் திரையில் சரியாகவே தெரியும். தனிச் சொற்களுக்குத்தான் அது உதவுகிறது. ஐயம் வந்தால் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்பு இரண்டையும் கேட்கலாம்.

லண்டன்காரர் போலப் பேசுவது என் நோக்கமில்லை. நம் சாயல் நம்மிடம் இருக்கட்டும். கேட்பவருக்குப் புரிய வேண்டும். சரியாகச் சொல்லும் பிள்ளையைத் தவறு என்று சொல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு போதும்.

இலக்கணத்திலும் தமிழ் கைகொடுத்தது. 'பத்து ஆண்டுகளாக', '2014 முதல்' என்ற இரண்டையும் பாருங்கள். 'ஆக' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஃபார்', 'முதல்' அல்லது 'இலிருந்து' வரும் இடத்தில் 'சின்ஸ்'. இத்தனை ஆண்டுகள் 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்று சொல்லி வந்த எனக்கு இது ஒரே நாளில் மாறியது. வினைச்சொல் மட்டும் அவ்வளவு எளிதில் வரவில்லை. "பத்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலம் 'ஹாவ் பீன் வொர்க்கிங்' என்று கேட்கிறது. "அவர் நேற்றே வந்திருக்கிறார்" என்பது தமிழில் பிழையில்லை. அதை அப்படியே 'ஹாஸ் கம் யெஸ்டர்டே' என்றால் ஆங்கிலத்தில் பிழை. நேற்று, போன வாரம் என முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'கேம்' என்று எளிய இறந்தகாலத்துக்குப் போய்விட வேண்டும்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வான்டிங்' என்று குழந்தைகள் எழுதுவதற்கு நான் கண்ட மருந்து இது: "எனக்குத் தெரியும்" என்பதை யாராவது "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று சொல்வார்களா என்று கேட்பேன். சிரிப்பார்கள். தெரியும், பிடிக்கும், வேண்டும், உண்டு ஆகியவை தமிழிலேயே 'கொண்டிருக்கிறது' ஏற்பதில்லை. நோ, லைக், வான்ட், ஹாவ் ஆகியவையும் இந்தப் பொருள்களில் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை. எல்லா வினைக்கும் இது பொருந்தாது. "நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்று நாம் சொல்கிறோம். 'ஐ ஆம் பிலீவிங்' என்று அவர்கள் சொல்வதில்லை.

சொல்வளத்துக்கு, பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். பெயர்ச்சொல்லை அதன் வினையோடு சேர்த்து எழுதிக்கொள்கிறேன். நமக்கு வீட்டுப்பாடமும் 'பண்ணு', தப்பும் 'பண்ணு'. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'டூ', பின்னதற்கு 'மேக்'. நாம் மாத்திரை சாப்பிடுகிறோம். அவர்கள் 'டேக்' செய்கிறார்கள். நாம் கனவு காண்கிறோம். அவர்களுக்கு அது 'ஹாவ்'. ஒரு நாளைக்கு மூன்று போதும்.

மறுநாளே அந்த மாணவியிடம் பேசியிருக்கலாம். பத்து நாள் தள்ளிப்போட்டேன். டீச்சருக்குத் தெரியவில்லை என்று வீட்டில் போய்ச் சொல்வார்களே என்ற பயம். கடைசியில் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்தபோதுதானே அவள் உட்கார்ந்தாள்? "அன்னைக்கு இவ சொன்ன லுக்ட்தான் சரி. நான்தான் தப்பா திருத்திட்டேன்." வகுப்பு அமைதியாக இருந்தது. அவள், "எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இப்போது வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் இருக்கிறது. பட்டு, பாடு, இட் என மூன்று பத்திகள். கதைகளில் எதிர்ப்படும் 'இ-டி' சொற்களைக் குழந்தைகள் தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பார்த்து, உரிய பத்தியில் எழுதுகிறார்கள். சண்டையும் நடக்கிறது. 'விசிட்டிட்' முதலில் இரண்டாம் பத்தியில் ஏறி, பிறகு அடிக்கப்பட்டு மூன்றாம் பத்திக்கு வந்தது.

போன வாரம் ஒரு மாணவன் சூனியக்காரி கதையிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்தான். சூனியக்காரிக்கு முன்னால் வரும் 'கெட்ட' என்ற பொருள் உள்ள சொல். "க்-ல முடியுது டீச்சர். அப்போ பட்டுதானே? விக்ட்." விதிப்படி அவன் சொல்வது சரி. ஆனால் எனக்குக் காதில் ஏதோ இடித்தது. "எனக்குச் சரியாத் தெரியலை. கேட்டுப் பார்ப்போம்" என்று அகராதியைத் திறந்து, அந்த மாணவியிடம் கைபேசியைக் கொடுத்தேன். அவள் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாள்.

'விக்கிட்' என்றது.

மறுபடியும் தொடச் சொன்னார்கள். மறுபடியும் 'விக்கிட்'.

"மத்ததெல்லாம் செஞ்ச வேலையைச் சொல்லுது. இது எப்படிப்பட்டவன்னு சொல்லுது. அதான் சேரலை" என்றாள் அவள். அந்தச் சொல்லுக்காகச் சார்ட்டின் ஓரத்தில் நான்காவதாக ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.