பந்தயச் சீட்டுக்குக் கணக்கு எழுதும் தம்பிக்கு



கால்பந்துப் பந்தயச் சீட்டுகளை நிரப்பித் தரும் நிரல் எழுத இறங்கியிருப்பதாகக் கேள்வி. நல்லது. நிரலுக்கு முன் இத்தாலியின் டோட்டோகால்சோ சீட்டைப் பாருங்கள். விளையாட்டுப் பத்திரிகையாளர் மாஸிமோ டெல்லா பெர்கோலா, போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்தில் அகதியாக அடைபட்டிருந்தபோது யோசித்தது அது. 1946 மே மாதம் 12 ஆட்டங்களோடு தொடங்கியது. பிறகு 13 ஆயிற்று. உள்ளூர் அணி வென்றால் 1, டிரா என்றால் எக்ஸ், வெளியூர் அணி வென்றால் 2.

மூன்றைப் பதின்மூன்று முறை பெருக்கினால் 15,94,323 வரிசைகள். 'பதினாறு லட்சத்தில் ஒன்று' என்று எழுதிவிட்டுப் புதியவர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். மூன்று முடிவுக்கும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். பலமான அணியையே எங்கும் குறித்து, ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி பலிக்கும் என்று கொண்டால், 13-ம் பலிக்கும் வாய்ப்பு 8,192-இல் ஒன்று. கேட்க இனிக்கிறது. ஆனால் அதே வரிசையை இன்னும் ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். பரிசோ வென்றவர்களுக்குள் பங்கு பிரிவது. வாய்ப்பு கூடக்கூடப் பங்கு சுருங்கும்.

இனி பின்லாந்துக்காரர் ஒருவரின் கதை. யுஹானி விர்தகல்லியோ, பந்தய இதழான 'வெய்க்காயா'வில் 1947-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 11 ஆட்டங்களுக்கு மொத்தம் 1,77,147 வரிசைகள். அவற்றில் 729-ஐ மட்டும் அவர் பொறுக்கியிருந்தார். முடிவு எப்படி வந்தாலும் அந்த 729-இல் ஒன்றிலாவது குறைந்தது 9 ஆட்டங்கள் சரியாக இருக்கும். பிழைதிருத்தக் குறியீடுகளை ஆராய்ந்த மார்செல் கோலே இதே அமைப்பைக் கண்டு வெளியிட்டது 1949-இல்தான். கணிதத்தின் பேரழகுகளில் ஒன்று, பந்தயக்காரர்களின் பத்திரிகையில் முதலில் அச்சேறியது!

இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லா முடிவுகளும் சமவாய்ப்பு என்றால், 11-ம் சரியான வரிசை அந்த 729-க்குள் இருக்கும் வாய்ப்பு 243-இல் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு வெவ்வேறான 729 வரிசைகளை எழுதினாலும் அதே 243-இல் ஒன்றுதான். மீதியில், 10 சரியாவது 22 தடவை. வெறும் 9-உடன் நிற்பது 220 தடவை. ஒன்பதுக்குப் பரிசே இல்லாத பந்தயத்தில் அந்த உத்தரவாதத்தால் என்ன பயன்?

சின்ன அளவில் செய்து பாருங்கள். நான்கு ஆட்டங்கள், 81 வரிசைகள். டிராவை 0 என்று வைத்து, முதல் இரண்டை விருப்பப்படி எழுதுங்கள். மூன்றாவது அவ்விரண்டின் கூட்டல். நான்காவது, முதலாவதோடு இரண்டாவதின் இரு மடங்கு. மூன்றால் வகுத்து மீதியை மட்டும் வையுங்கள். கிடைக்கும் 9 வரிசைகளே மூன்று சரிக்கு உத்தரவாதம் தரும். ஐந்து ஆட்டங்களில் நான்கு சரிக்கு 27 போதும். ஆறில் ஐந்து சரிக்கு 73 வரிசைகளில் முடிகிறது. 71-க்குக் குறைவாக முடியாது என்பது நிரூபணமாகியிருக்கிறது. இடையில் இருப்பது 71-ஆ, 72-ஆ, 73-ஆ என்ற கேள்வி, பரிசுத் தொகையைவிட உங்களைப் போன்றவர்களைத் தூங்கவிடாமல் செய்யக்கூடியது.

13 ஆட்டச் சீட்டில் அந்த நான்கு ஆட்ட அமைப்பைப் பொருத்தினால், மற்ற ஒன்பதையும் ஆட்டக்காரர் ஒற்றைக் குறியாகவே எழுதியிருப்பார். அதில் ஒன்று பிசகினாலும் 12 சரியென்ற உத்தரவாதம் போய்விடும். குறைத்த வரிசைகளை விற்பவர்கள் இதைச் சிறிய எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். உங்கள் நிரலின் திரையிலாவது உத்தரவாதத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், அதன் நிபந்தனையையும் முழுப் பரிசுக்கான வாய்ப்பையும் காட்டுங்கள்.