முள்ளெலியும் குளிரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் வீட்டு விலங்காக வளர்க்கப்படும் முள்ளெலி பெரும்பாலும் ஆப்பிரிக்கப் புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்ட நான்கு விரல் முள்ளெலியே. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் வாழும் முள்ளெலி வேறு இனம். அது காட்டுயிர், வளர்ப்புக்கு உரியதன்று.

குளிர்காலத்தில் முள்ளெலி நீண்ட நாள் உறங்குவது இயல்பு, அதை எழுப்பக் கூடாது என்பது பரவலான நம்பிக்கை. ஐரோப்பிய முள்ளெலிக்கு இது பொருந்தும். அது இலையுதிர் காலத்திலேயே உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்குகிறது. வளர்ப்பு முள்ளெலிக்கு அந்த ஆயத்தம் இல்லை. சுற்றுப்புற வெப்பம் 18 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் உடல் குளிர்ந்து மந்தநிலைக்குச் செல்லும். அப்படியே விட்டால் உயிர் போய்விடலாம். தொட்டால் வயிறு சில்லிட்டிருப்பது, நடை தள்ளாடுவது, இரவில் வைத்த தீனி அப்படியே கிடப்பது ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றைத் தூக்கம் என்று எண்ணிக் காத்திருப்பதுதான் மிகப் பெரிய தவறு.

உடனே வெந்நீரில் இறக்கினால் பிழைத்துவிடும் என்பதும் சரியன்று. நனைந்த உடல் மேலும் வேகமாகக் குளிரும். துணியில் சுற்றி மார்போடு அணைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். நன்றாக விழித்துக்கொள்ளும்வரை வாயில் நீரோ உணவோ புகட்டக் கூடாது. பிறகு தேறிவிட்டதுபோலத் தோன்றினாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

முட்களே குளிரைத் தடுக்கும் என்று சிலர் நம்புகின்றனர். முள் எதிரிக்கான காப்பு. கம்பளி ரோமம்போல வெப்பத்தைப் பிடித்து வைக்காது. கூண்டில் கம்பளித் துணி போடுவது நல்லதுதான், ஆனால் அது உள்ள வெப்பத்தைக் காக்குமே தவிர, புதிதாக உண்டாக்காது. கூண்டுக்குள் 24 முதல் 29 பாகை வரை வெப்பம் நிலைத்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுடன் இணைத்த, ஒளி தராத செராமிக் ஹீட்டர் இதற்கு ஏற்றது. மின்சாரத்தால் சூடாகும் செயற்கைக் கல்லை வைத்தால் வயிறு வெந்துவிடும். இரவு முழுதும் எரியும் விளக்கும் தீங்கே. இருட்டில் நடமாடும் விலங்கு அது, வெளிச்சத்தில் ஓடாது, சரியாகத் தின்னாது.

சூடு எவ்வளவு கூடினாலும் நல்லதே என்பதும் தவறு. கால்களைப் பரப்பி வயிற்றைத் தரையில் படியவிட்டு மூச்சிரைத்தால், ஹீட்டரின் வெப்பத்தை உடனே குறைக்க வேண்டும். வெப்பமானியை அறைச் சுவரில் மாட்டாமல், முள்ளெலி படுக்கும் இடத்தருகே கூண்டின் தரைமட்டத்தில் வைத்தால்தான் உண்மையான அளவு தெரியும்.