மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு



போன மே மாதம் ஆற்றல் பற்றிய ஓர் இலவச அறிவியல் முகாமில் ஐந்து நாள் கலந்துகொண்டேன். முகாம்னா எங்கேயும் போகலை, எல்லாமே அப்பாவோட போனில்தான். (காலை 7 மணிக்கே வகுப்பு, அதனால் போன் கிடைத்தது!) அதில் சொன்ன பலதும் நம்ம அறிவியல் புத்தகத்திலேயே இருக்கு. மூன்றாம் நாள் கேட்ட கேள்வி மட்டும் புதுசு: ஒரு யூனிட் கரண்ட் எவ்வளவு பெரிசு?

1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். அப்போ 1000 × 3600 = 36 லட்சம் ஜூல். எண் மனசில் நிற்கலை இல்லையா? அதனால் மாடிப்படியை அளக்கச் சொன்னாங்க.

என் எடை 40 கிலோ. நம்ம பள்ளி மாடிக்கு 20 படி, ஒரு படி 15 செ.மீ., ஆக 3 மீட்டர். நிலை ஆற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 40 × 9.8 × 3 = 1176 ஜூல். ஒரு யூனிட்டுக்கு ஈடாக நான் சுமார் 3060 தடவை மாடி ஏறணும்! இறங்குவது கணக்கில் சேராது.

இனி வீட்டு மீட்டரைப் பாருங்க. அதில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கும். எங்க மீட்டரில் 3200 என்று போட்டிருக்கு. அதாவது 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். வகுத்தால் ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். கிட்டத்தட்ட நான் ஒரு தடவை மாடி ஏறுவது!

கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் போட்டு எண்ணினேன். 75 வாட் ஃபேன் 15 நொடிக்கு ஒரு தடவை மாடி ஏறுது. 9 வாட் எல்.இ.டி. பல்பு 2 நிமிடம் தாண்டித்தான் ஒரு தடவை. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் போட்டதும் நிமிடத்துக்கு 53 தடவை, எண்ணவே மூச்சு வாங்குச்சு.

கடைசியாக எல்லாத்தையும் அணைத்தேன். பாட்டியிடம் கேட்டு ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பத்து நிமிடம் பிடுங்கினேன். அப்பவும் விளக்கு மினுக்குது! ரிமோட்டில் டிவியை அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் ஓடிக்கிட்டே இருக்கு. தொட்டால் வெதுவெதுப்பு. 112 நொடிக்கு ஒரு மினுக்கல், அதாவது 10 வாட். ஒரு நாள் முழுக்க இப்படியே இருந்தால் 768 மாடி. 60 நாள் பில்லில் 14 யூனிட்டுக்கு மேல்.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். யூனிட்டுக்கு 700 கிராம் வரை எரியணும். வடசென்னை நிலையத்துக்கு ஒடிசா நிலக்கரி கப்பலில் வருது. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் நல்லா சுற்றும்போது இந்தச் செலவு கொஞ்சம் குறையும். மற்றபடி, யாரும் பார்க்காத டிவிக்காக இரண்டு மாதத்தில் 10 கிலோ நிலக்கரி!

பாட்டி கணக்கைக் கேட்டுட்டு, "ராத்திரி பிளக்கைப் பிடுங்கிடு. காலையில சீரியலுக்கு முன்னாடி மாட்டிடணும்" என்றார்.

நீங்களும் எண்ணலாம். மீட்டரைத் தொட வேண்டாம், தள்ளி நின்று பார்த்தால் போதும். சில மீட்டரில் 1600 என்று இருக்கும். அதில் ஒரு மினுக்கலுக்கு இரண்டு மாடி!