இன்சொல்லால் திருத்துதல்



தாங்கலில் உகப்படிப்பு முடியும் நேரம். ஒரு வாலிபன் வாசலில் வந்து நிற்கிறான். பல வாரங்களாக அவனைக் காணவில்லை. குடிப்பழக்கம் உள்ளவன் என்பது ஊருக்கே தெரியும். அன்று அவன் குடிக்கவில்லை. குளித்து, துவைத்த வேட்டி உடுத்தி, தலைப்பாகைத் துணியைக் கையில் பிடித்தபடி தயங்கி நிற்கிறான். பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "இன்னைக்காவது அய்யா ஞாபகம் வந்துதே" என்கிறார். நாலு பேர் சிரிக்கிறார்கள். அவனும் சிரித்துவிட்டு நாமம் வாங்கிப் பூசிக்கொண்டு போய்விடுகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை.

அந்தப் பெரியவர் பொல்லாதவர் இல்லை. அவன்மேல் அக்கறை இல்லாவிட்டால் அந்தச் சொல்லையே சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அவன் பக்கம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். வராமல் இருந்த நாட்களில் அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வந்த நாளில் குத்துச்சொல் கிடைத்தது. மனம் இந்தக் கணக்கை மறப்பதில்லை. வந்ததற்குத்தான் அடி விழுந்தது என்று அது எழுதி வைத்துக்கொள்கிறது. இப்படி நல்ல எண்ணத்தோடு சொன்ன ஒரு சொல்லால் தாங்கலை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு ஊரிலும் விரல் விட்டு எண்ணலாம்.

அய்யா வைகுண்டர் தம்மை நாடி வந்த மக்களைத் திருத்திய முறை வேறு. அன்றைய திருவிதாங்கூரில் அந்த மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. வேட்டி முட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இழிந்தவர், அண்டக் கூடாதவர் என்ற வசவு பிறந்தது முதல் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவர்களுக்குத் தூய்மையைப் பழக்க வேண்டும். "நீங்கள் அழுக்காய் இருக்கிறீர்கள்" என்று தொடங்கியிருந்தால் பழைய வசவோடு இன்னொன்று சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அய்யா எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பினார். வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் அவர்கள் கடலில் குளித்து, உடுத்ததைக் கடல்நீரில் துவைத்து, ஒரு வேளை உண்டு விரதம் காத்தார்கள். துணி துவைக்கும் அந்தக் காரியத்துக்கு அய்யா வைத்த பெயர் தவசு. செய்தவர்கள் துவையல் பண்டாரங்கள் ஆனார்கள். தவம் செய்கிறவன் தன்னை எப்படி இழிவாக நினைப்பான்?

தலைப்பாகையும் அப்படித்தான். மறுக்கப்பட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து நில் என்று அய்யா சொன்னார். பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகையோடு நிற்கிறவன் அதில் தன்னையே காண்கிறான். முதுகு வளைந்து நிற்கப் பழகியவனுக்கு, நிமிர்ந்து நில் என்று ஆயிரம் முறை சொல்வதைவிட இது பெரிய பாடம். இன்று தலைப்பாகைத் துணியோடு வாசலில் தயங்கி நிற்கிற அந்த வாலிபனுக்கும் அதே கண்ணாடிதான் இருக்கிறது. அவன் அதன் முன்னால் போய் நிற்பதற்குள் ஒரு குத்துச்சொல் குறுக்கே வந்துவிட்டது.

வீட்டில் ஒருவர் வழி மாறிப் போனால் என்ன செய்வது என்பதற்கு வடக்கே கடலூர்ச் சீமையில் பழைய கதை ஒன்று இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லியிருப்பதால் பலருக்கும் தெரிந்ததுதான். திருநாவுக்கரசரை எல்லாரும் நினைக்கிறார்கள். அவருடைய அக்காளை நினைப்பவர்கள் குறைவு.

பண்ணுருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூர். அங்கே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். அக்காளுக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை நிச்சயம் செய்திருந்தார்கள். அவர் போருக்குப் போனார், திரும்பவில்லை. அதற்குள் தகப்பனும் தாயும் இறந்துவிட்டார்கள். இனி எதற்கு வாழ்வது என்று அக்காள் உயிரை விடத் துணிந்தபோது தம்பி காலைப் பிடித்துக்கொண்டான். அம்மையும் அப்பனும் போன பிறகும் உன்னைப் பார்த்துத்தான் இருக்கிறேன், நீ போனால் உனக்கு முன்னே நான் போவேன் என்று அழுதான். அவள் அதைக் கேட்டாள். அவனுக்காகவே உயிரோடு இருந்தாள்.

அப்படிப்பட்ட தம்பிதான் பிறகு அவரை விட்டுப் போனார். இன்று கடலூர் நகரத்துக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் அன்று சமணக் கல்விக்குப் பேர்பெற்ற இடம். அங்கே சேர்ந்து, கற்று, தருமசேனர் என்ற பெரிய பெயரும் பெற்றுவிட்டார். (சேக்கிழார் காலத்துச் சமயப் பூசல் இந்தக் கதையில் கலந்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அக்காளையும் தம்பியையும் மட்டும் பார்த்தால் போதும்.) யாருக்காக உயிரை வைத்திருந்தாரோ அவர் போய்விட்டார். வேறொருவராய் இருந்தால் மடத்து வாசலில் போய் நின்று கத்தியிருப்பார், உறவினரைக் கூட்டியிருப்பார், நான் உனக்காக எதை எதை விட்டேன் என்று கணக்கு வாசித்திருப்பார். திலகவதியார் கெடிலக்கரையில் திருவதிகைக்கு வந்து தங்கினார். விடியுமுன் எழுந்து கோயில் வாசலைப் பெருக்கி, மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார். தம்பிக்காக வேண்டிக்கொண்டார். காலம் ஓடியது.

தம்பிக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வந்தது. மடத்தில் செய்த வைத்தியமும் மந்திரமும் பலிக்கவில்லை. வலி தாங்காத நேரத்தில் அவருக்கு நினைவு வந்தது அக்காளின் முகம். இது கவனிக்க வேண்டிய இடம். பிரியும்போது அக்காள் சாபம் கொடுத்திருந்தால், ஆள் அனுப்பி அனுப்பி ஏசியிருந்தால், அந்த இரவில் அவர் அக்காளை நினைத்திருப்பாரா? திறந்தே கிடக்கும் கதவு ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சமையற்காரனை அக்காளிடம் அனுப்பினார். அவன் சொன்னதைத் திலகவதியார் கேட்டார். ஆனால் அந்த மடத்துக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். பொறுமையாகக் கேட்பவர் எதற்கும் தலையாட்டுவார் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பதில் மருந்து. தம் எல்லையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வெறுத்ததும் இடத்தைத்தான். தம்பியை ஏசும் சொல் ஒன்றுகூட அங்கே இல்லை. தம்பி அதைப் புரிந்துகொண்டார். பாயுடையையும் மயிற்பீலியையும் உறியில் தொங்கிய கமண்டலத்தையும் விட்டு, வெள்ளாடை உடுத்தி, இரவோடிரவாக நடந்து திருவதிகைக்கு வந்து அக்காள் காலில் விழுந்தார்.

"அன்றைக்கே சொன்னேனே" என்ற சொல் நம் வீடுகளில் எவ்வளவு மலிவு! திலகவதியாருக்கு அதைச் சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அவர் சொல்லவில்லை. எழுந்திரு என்றார். திருநீறு கொடுத்தார். பொழுது விடியும் வேளையில் துடைப்பத்தையும் சாணக்கூடையையும் எடுத்துக்கொண்டு வழக்கமான பணிக்குக் கிளம்பி, தம்பியையும் கூடவே அழைத்துப் போனார். நோய் தீர்ந்து பாடிய தம்பிக்கு இறைவன் அருளிய பெயர் நாவுக்கரசு. வந்து சேர்ந்த முதல் நாளிலேயே பழைய கதையைக் கிளறாமல் புதுப் பெயர் சூட்டப்பட்டது. பிறகு அவர் உழவாரத்தைக் கையில் எடுத்தவர் வயது முதிர்ந்த பின்னும் கீழே வைக்கவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டுக் கரையேறிய ஊர் கடலூரை அடுத்து இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றே வழங்குகிறது. சீர்காழியில் சிறுபிள்ளையான சம்பந்தர் அவரை "அப்பரே" என்று அழைத்தார். அந்த ஒரு விளியே அவருக்கு நிலைத்த பெயராயிற்று.

கூப்பிடும் பெயருக்கு இத்தனை வலிமை உண்டா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் 1968-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் சில பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மலர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் தெரிவித்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் சீட்டுப் போட்டு எடுத்ததுபோல் எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில், கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். எவ்வளவு முன்னேற்றம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. பிள்ளையை ஆசிரியர் பார்க்கும் பார்வை பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்பதைத் தாங்கலில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்கள் தாமே கண்டிருப்பார்கள்.

சிதம்பரத்தில் இதைச் சோதனையாகச் செய்யாமல் வாழ்வாகவே செய்தவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கத்தில் 1890-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். துறவு பூண்டு சிதம்பரம் வந்தார். "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று தில்லைக்கு ஏங்கி ஏங்கியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற நந்தனாரின் ஊராயிற்றே அது. நந்தனார் பிறந்த ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1916-இல் அவர் தொடங்கிய கல்விக் கழகத்துக்கும் பள்ளிக்கும் நந்தனார் பெயரையே வைத்தார். வயல் வேலையில் வசவையே பெயராகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பள்ளி வாசலில் முதலில் பார்ப்பது தன் குலத்தில் பிறந்து நாயன்மாரான ஒருவரின் பெயரை. நீ தாழ்ந்தவன், உன்னைத் தூக்கிவிடுகிறேன் என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. நீ யார் பிள்ளை தெரியுமா என்று கேட்கிறது. சாணார் என்று இழித்துரைக்கப்பட்டவர்களை அய்யா சான்றோர் என்று அழைத்ததும் இந்த வழிதான். சகஜானந்தர் சட்டசபையிலும் அமர்ந்து அந்த மக்களுக்காகப் பேசி, 1959-இல் மறைந்தார். நந்தனார் பெயரில் பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடக்கின்றன.

பாராட்டுவதிலும் பக்குவம் வேண்டும். வாய்க்கு வந்தபடி புகழ்வது முகத்துதி. அது பிள்ளைகளைக் கெடுக்கும். 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், சிலரிடம் "நன்றாக முயன்றாய்" என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான கணக்கு வந்தபோது, கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சியைப் பாராட்டப் பெற்றவர்கள் விடாமல் போராடினார்கள். ஏடு வாசிக்கப் பழகும் பிள்ளையிடம் "நீ பெரிய மேதை" என்பதைவிட, "போன வாரம் திக்கின இடத்தை இந்த வாரம் திக்காம வாசிச்சியே மக்கா" என்பது நல்லது. யாரோ தன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. கவனிக்காமல் இப்படிப் பாராட்ட முடியாது. அதனால்தான் காது கொடுப்பது முதலில் வருகிறது. குடித்துவிட்டு வந்த மகனிடம் அந்த இரவில் பேசிப் பயனில்லை. மறுநாள் காலை, "என்னடா கஷ்டம் உனக்கு?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த அரை மணி நேரம் சும்மா இருப்பது பெரிய தவசுதான்.

ஆனால் இதைத் தவறாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அடித்து உதைக்கும் புருஷனை இன்சொல் சொல்லித் திருத்து என்று ஒரு பெண்ணிடம் சொல்வது தர்மம் ஆகாது. அவளுக்கு முதலில் தேவை காவல். அய்யாவும் எல்லாரிடமும் ஒரே குரலில் பேசியவர் அல்லர். ஏழை மக்கள்மேல் வரிமேல் வரி போட்டு வதைத்த அரசனைக் கலிநீசன் என்றே சொன்னார்; அதற்காகச் சிறையும் இருந்தார். கடுஞ்சொல் மேலே இருந்து மிதிக்கிறவனுக்கு. கீழே விழுந்து கிடப்பவனுக்கு அவர் கொடுத்தது தலைப்பாகை. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அதிகாரம் உள்ளவன் முன்னால் பணிவு. தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தவன் முன்னால் வீரம்.

இன்னொன்று. இத்தனையும் செய்தாலும் சிலர் மாற மாட்டார்கள். சிதம்பரத்துக்கு வடமேற்கே வடலூரில் இராமலிங்க வள்ளலார் 1867-ஆம் ஆண்டு வைகாசியில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். சாதி, சமயம் பாராமல் வந்த பசியை ஆற்றுவது அங்கே முதல் வேலை; போதனை அதற்குப் பிறகுதான். அன்னதர்மத்தின் அருமை அறிந்த அன்புக்கொடி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரும் கடைசிக் காலத்தில், தாம் சொன்னதை எடுத்துக்கொள்வாரில்லையே என்று மனம் வருந்தினார். 1874 தைப்பூசத்தில் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போனவர் திரும்ப வெளியே வரவில்லை. அவர் மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றைக்கும் எரிகிறது. வடலூருக்குப் போகிறவர்கள் அந்த அடுப்பைப் பார்க்கலாம். அதில் வெந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டும் வரலாம். வருகிறவர்களிடம் இத்தனை நாள் எங்கே போனாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.