காசில்லாத சீட்டு

ஈஜிபுரா பஸ் நிறுத்தம். காலை நேரம். பஸ்ஸில் நல்ல கூட்டம்.

ஒரு பாட்டி சிவாஜிநகர் போகிறார். பவுரிங் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்ட வேண்டும். பக்கத்தில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்.

கண்டக்டர் வந்தார். "ஆதார் தோர்சி அம்மா" என்றார். பாட்டி அட்டையைக் காட்டினார். கண்டக்டர் சீட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பாட்டி சீட்டைக் கசக்கினார்.

"எறியாதீங்க பாட்டி!" என்றாள் அந்தப் பெண்.

"காசில்லாத சீட்டுதானே கண்ணு?"

"செக்கிங் வந்தா சீட்டைக் கேப்பாங்க. இல்லேன்னா அபராதம். இந்தச் சீட்டைக் கணக்குப் பார்த்துத்தான் அரசாங்கம் பஸ்காரங்களுக்குப் பணம் கட்டுது."

பாட்டி சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நீ மட்டும் ஏன் காசு குடுத்தே?"

"என் ஆதார்ல சேலம் விலாசம் பாட்டி."

"எத்தனை வருஷமா இங்கே இருக்கே?"

"ஆறு வருஷம்."

"எனக்குப் புத்தி சொன்னியே! முதல்ல உன் விலாசத்தை மாத்து."

இருவரும் சிரித்தார்கள்.

தெரிந்து கொள்வோம்

கர்நாடகத்தில் 'சக்தி' திட்டம் 2023 ஜூன் 11-ஆம் தேதி தொடங்கியது. கர்நாடகத்தில் வாழும் பெண்களும் திருநங்கைகளும் அரசின் சாதாரண பஸ்களில் இலவசமாகப் போகலாம். அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருக்க வேண்டும். ஏ.சி. பஸ்ஸில் இச்சலுகை இல்லை. மாநில எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

பேசிப் பார்ப்போம்

1. காசில்லாத சீட்டையும் ஏன் பத்திரமாக வைக்க வேண்டும்?
2. உங்கள் ஆதார் அட்டையை எடுங்கள். அதில் உள்ள முகவரியை வாசியுங்கள். அது இப்போது நீங்கள் வசிக்கும் முகவரிதானா?