கல்லுக்குத் தடை, காற்றுக்கு வழி

கேள்வி: தினமும் அச்சங்குளத்திலிருந்து சிவகாசிக்கு பைக்கில் வேலைக்குப் போய்வருகிறேன். 200 சிசி, லிக்விட் கூல்டு வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் கிரில்லைக் கழற்றிவிட்டார். ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால் கல் தெறித்து விழுகிறது. நாலைந்து இடத்தில் நசுங்கிவிட்டது. பட்டறைக்காரர் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டித் தருவதாகச் சொல்கிறார். நண்பரோ கொசுவலையே போதும் என்கிறார். எதைச் செய்வது?
— வாசகர், அச்சங்குளம்

பதில்: ரேடியேட்டருக்கு முன்னால் காப்பு வலை, அதாவது கார்டு, கட்டாயம் போடுங்கள். ஆனால் அந்தத் தகரமும் வேண்டாம், கொசுவலையும் வேண்டாம்.

முதலில் வண்டி நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் முன்னால் உட்கார்ந்து உற்றுப் பாருங்கள். தட்டையான அலுமினியக் குழாய்கள் வரிசையாக ஓடும். கூலன்ட் அவற்றுக்குள்தான் போகிறது. குழாய்களுக்கு நடுவே மடித்த காகிதம் போல இருப்பவை ஃபின்கள். சூட்டை வாங்கிக் காற்றிடம் கொடுப்பது அவற்றின் வேலை. நசுங்கியது ஃபின் மட்டும் என்றால் கவலை இல்லை. மொட்டையான மரக்குச்சியால் மெல்ல நிமிர்த்திவிடலாம். குழாயிலேயே பள்ளம் விழுந்து, பக்கத்தில் உப்புப் பூத்தது போலக் கறையும் இருந்தால் அது கசிவு. அப்போது கார்டைப் பற்றிய பேச்சே பிறகுதான். முதலில் ரேடியேட்டரைச் சரிசெய்யுங்கள்.

இப்போது தகரக் கணக்கு. 5 மி.மீ. ஓட்டைகளை, மையத்துக்கு மையம் 8 மி.மீ. விட்டு நெருக்கமாகப் போட்டாலும் திறந்திருக்கும் பரப்பு மொத்தத்தில் 35 சதவீதம்தான். மீதி 65 சதவீதம் அடைப்பு. சித்திரை வெயிலில், கத்திரி நாட்களில், உங்கள் பக்கத்துச் சாலையில் இந்த அடைப்போடு ஓட்டினால் கல் செய்யாத கேட்டைச் சூடு செய்துவிடும். 1.2 மி.மீ. கம்பியில் 8 மி.மீ. சதுரக் கண் உள்ள வலையை எடுத்துக்கொள்ளுங்கள்: 75 சதவீதம் திறந்திருக்கும். 8 மி.மீ.க்குச் சிறிய கல் உள்ளே போகத்தான் செய்யும், போகட்டும். அது ஃபினை வளைக்கும், குழாயை உடைப்பது அரிது. கொசுவலையின் கண்ணை மழைக்காலத்தில் தண்ணீரே படலமாக மூடிவிடும். அதன் மேல் கரிசல் சேறு அப்பிக் காய்ந்தால் அது வலையல்ல, மண்சுவர்.

உங்கள் வண்டி மாடலுக்கென்றே விற்கும் கார்டு கிடைத்தால் அதுவே நல்லது. ரேடியேட்டரைத் தாங்கும் போல்ட்டுகளிலேயே அது உட்காரும். பட்டறையில் செய்வதானாலும் அந்த இடங்களிலேயே பிடிக்கச் சொல்லுங்கள், புதிதாகத் துளை போட வேண்டாம். வலைக்கும் ஃபினுக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒட்டி உட்கார்ந்தால் அதிர்வில் உரசி உரசிக் குழாயையே அறுத்துவிடும். போல்ட் இடங்களில் ரப்பர் வாஷர் வையுங்கள். ஃபினுக்குள் ஜிப் டை நுழைத்து வலையைக் கட்டும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை மட்டும் யார் செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு பலர் பார்க்கத் தவறும் ஒன்று உண்டு. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் இறங்கி முன்சக்கரம் ரேடியேட்டர் பக்கம் வரும். இரண்டு பேர் சேர்ந்து முன்பக்கத்தை அடிவரை அழுத்திப் பாருங்கள். டயர் கார்டில் இடிக்கக் கூடாது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி ஒயரும் பிரேக் ஹோஸும் சிக்குகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ஃபேன் சோதனை. கார்டு போடும் முன்பே, காலையில், வண்டியை நிழலில் ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் எத்தனை நிமிடத்தில் சுழலத் தொடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு, இன்னொரு நாள் அதே நேரத்தில் அதே சோதனை. கொஞ்சம் கூடுதலாகச் சுழன்றால் பரவாயில்லை. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கார்டைக் கழற்றிவிடுங்கள்.

பெரும்பாலான கற்களை ரேடியேட்டர் மேல் எறிவது உங்கள் சொந்த முன்சக்கரம்தான். முன் மட்கார்டை யாராவது அழகுக்காக வெட்டியிருந்தால், பழையபடி நீளமானதையே போடுங்கள். லாரிக்கு நாலு வண்டி தூரம் விட்டு ஓட்டுங்கள். உங்கள் கண்ணுக்கும் அது காவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் போன உயிர்களை உங்கள் ஊர் மறக்காது, நானும் மறக்கவில்லை. வெல்டிங், கிரைண்டிங் எதுவானாலும் பட்டாசு ஆலை, குடோன், அவற்றை ஒட்டிய இடம் எங்கும் செய்யாதீர்கள். ஊருக்குள் இருக்கும் பட்டறைக்கே போங்கள். கார்டைத் தனியாகச் செய்து வந்து மாட்டச் சொல்லுங்கள். வண்டியிலேயே வெல்டிங் வைத்தால் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் பொறி பறக்கும். பேட்டரி இணைப்பில் இருந்தால் இசியுவும் கெட்டுப்போகலாம்.

கேள்வி: கூலன்ட் குறைந்தால் வீட்டு போர் தண்ணீரை ஊற்றலாமா?
— அதே வாசகர்

பதில்: கூடாது. உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அதை ஊற்றினால், குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு குழாய்களுக்குள் படிந்து வழியை அடைக்கும். வெளியே வலை போட்டுக் காப்பாற்றிய குழாயை உள்ளிருந்து நாமே மூடியதாகிவிடும். நடுவழியில் வேறு வழியே இல்லையென்றால் ஊற்றி வீடு சேருங்கள். பிறகு முழுவதும் வடித்து, கையேட்டில் சொன்ன கூலன்ட்டை நிரப்புங்கள். தண்ணீர் கலக்க வேண்டிய கான்சென்ட்ரேட்டாக வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே சேர்க்க வேண்டும். பாதிக்குப் பாதி என்பது வழக்கமான அளவு.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் திரவம், மூடி விலகிய நொடியில் முகத்தில் பீறிடும். வடித்த பழைய கூலன்ட்டை வாசலில் கொட்ட வேண்டாம். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். பாட்டிலில் அடைத்து, குழந்தை கை எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியிருந்தால் மணல் போட்டு அள்ளிவிட்டுக் கழுவுங்கள். தெருநாயும் ஆடும் நக்கிவிடும்.