செவி வழிப் பிறக்கும் பரிவு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

வீடியோ விளையாட்டில் திரையில் தோன்றும் உருவம் நம் விரல் அசைவிற்கேற்ப ஓடுகிறது, விழுகிறது, எழுகிறது. உயிரற்ற அவ்வுருவத்தின் மீது ஆடுபவருக்கு அச்சமும் இரக்கமும் தோன்றுவது எவ்வாறு? கண்ணைக் கவரும் ஓவியமே காரணம் என்பர் பலர். செவிக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதை ஈண்டுக் காண்போம்.

1978-ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய விளையாட்டு 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. வேற்றுலகப் படை இறங்கி வருகையில் நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகள் குறையக் குறைய அவர்கள் வேகமும் ஒலியின் வேகமும் கூடும். ஆடுபவர் நெஞ்சில் பதற்றம் ஏற இதுவே போதுமானதாயிற்று. ஆயினும், ஒரு பாத்திரத்தின்பால் பரிவு பிறக்க அதன் உள்ளத்தையும் நாம் கேட்டாக வேண்டும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் நிஞ்ஜா தியரி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்'. அதன் தலைவி செனுவா பிக்ட் இன வீராங்கனை. இறந்த காதலனின் ஆன்மாவை மீட்கப் புறப்படுகிறாள். மனநோயுற்ற அவளுக்கு, ஆளற்ற இடத்திலும் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரோடும், இத்தகைய துன்பத்தை உண்மையில் அனுபவித்தவர்களோடும் கலந்தாலோசித்தே இவ்விளையாட்டு உருவாக்கப்பட்டது.

இங்கு இயற்பியல் துணை நிற்கிறது. நேர் வலப்புறத்தில் எழும் ஒலி வலச்செவியை அடைந்து, ஏறத்தாழ 0.6 மில்லி விநாடி கழித்தே இடச்செவியை அடைகிறது. அதன் வலிமையும் சற்றுக் குறைகிறது. இவ்வேறுபாடுகளைக் கொண்டு மூளை திசையை அறிகிறது. மனிதச் செவிகளைப் போல் அமைந்த இரு ஒலிவாங்கிகளால் பதிவு செய்தால் இவ்வேறுபாடுகள் அழியாமல் கிட்டும். செனுவாவின் குரல்கள் அவ்வாறு பதிவானவையே. ஹெட்ஃபோனில் கேட்கும்போது, ஒரு குரல் முதுகுப்புறம் நின்று ஏளனம் செய்யும். மற்றொன்று காதருகே வந்து தேற்றும். பகைவன் பின்னாலிருந்து தாக்க வருவதை எச்சரிப்பதும் அக்குரல்களே. ஆகவே அவற்றை முழுவதும் நம்பவும் இயலாது, தள்ளவும் இயலாது. செனுவாவின் நிலையும் அதுவேயன்றோ!

தமக்குத் தாமே பேசிக்கொண்டு தெருவில் செல்வோரைப் 'பைத்தியம்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். அவர்களுக்குக் கேட்பது நமக்குக் கேட்பதில்லை. அதனைச் சில மணி நேரமேனும் நம் செவிக்குக் கொணர்ந்த விளையாட்டின் பயன் பெரிது. ஒலியியல் பயிலும் நாம் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் கணக்கிடுவதோடு நில்லாமல், பிறர் துன்பத்தை உணர்த்தவல்ல ஒலியின் இவ்வாற்றலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.